கூடத்தில் பிறந்த விமரிசனம்

தமிழ்நாட்டில் திரைப்படத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கொட்டகைகளைப் பற்றியும், நட்சத்திரங்களைப் பற்றியும், சினிமாவுக்கும் அரசியலுக்கும் ஏற்பட்ட நெருங்கிய சம்பந்தத்தைப் பற்றியும் விஸ்தாரமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், அதே படங்களை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றிச் சொல்லி, மறுநாள் காலையில் குழாயடியில் அந்த அபிப்பிராயத்தை அடுத்த வீட்டாரின் அபிப்பிராயத்தோடு ஒத்துப்பார்த்துக்கொண்ட ஜனங்களுக்கு அந்தச் சரித்திரத்தில் கிடைத்திருக்கும் இடம் மிகவும் சொற்பம். கொட்டகையில் ரசிகனாக இருந்த தமிழன் வீட்டுக் கூடத்தில்தான் விமரிசகனானான் என்பதும், அந்த மாறுதலை முன்னின்று நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் என்னுடைய திடமான எண்ணம்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்த காலத்திலும் சரி, 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து திரை பேசத் தொடங்கிய பிறகும் சரி, படம் பார்ப்பது என்பது வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போய்ச் செய்யவேண்டிய காரியமாகவே இருந்தது. மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆசாமி நின்றுகொண்டு கதையை விளக்கிச் சொல்வது வழக்கம். அவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வாய்திறந்து பேசுவதற்கு அங்கே இடமில்லை. பேசும்படம் வந்தபின் அவரும் போய்விட்டார். தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுக்குத் தக்கபடி பிரிக்கப்பட்ட டூரிங் டாக்கீஸில், பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கிய பக்கத்தில், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு படம் பார்த்த ஸ்திரீகள் அழுதார்கள், சிரித்தார்கள், சாமி வேஷம் திரையில் தோன்றினால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்; படம் எப்படி என்று மட்டும் அவர்களை யாரும் கேட்கவில்லை. சினிமாவுக்குப் போவதே அவர்களுக்கு ஒரு விசேஷம். வீட்டுப் பெரியவர்களின் சம்மதமும், துணைக்கு ஒருவரும், கையில் காசும் சேர்ந்து அமைந்தாலன்றி அது நடவாது. அப்படி அரிதாகக் கிடைத்ததைக் குறை சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

அபிப்பிராயம் சொல்லும் உத்தியோகத்தைப் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டிருந்தன. ‘ஆனந்த விகட’னில் கல்கி எழுதிய விமரிசனங்களுக்குப் படாதிபதிகளே அஞ்சினார்கள் என்று சொல்லலாம், ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ முதலிய சினிமாப் பத்திரிகைகள் கேள்வி-பதில் மூலமாக ரசிகர்களின் குரலுக்குச் சிறிது இடம் கொடுத்தன. பிற்காலத்தில் விகடன் படங்களுக்கு மதிப்பெண் போடும் சம்பிரதாயத்தை மேற்கொண்டு, 1977-இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் வழங்கியபோது, அந்த அரை மார்க்குக்கு என்ன காரணம் என்று வீடுகளில் விவாதம் நடந்தது. என்றாலும் தீர்ப்பு வழங்கியவர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். அதை வாசித்துவிட்டு ஆமோதிக்கவோ மறுக்கவோ செய்வது ஒன்றே மற்றவர்களின் பங்கு.

படம் வீட்டுக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே அதன் ஒலி நுழைந்துவிட்டது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்துப் பிறையில் பத்திரமாக இருந்தது. இசைத்தட்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ ஆகியவற்றின் வசனங்கள் வந்து, கல்யாண வீட்டுப் பந்தலிலும் கோயில் கொடையிலும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதற்கும் கேட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒரு முழுப் படத்தைச் சுருக்கி, ஒலியை மட்டும் வானொலியில் தரும் ‘ஒலிச்சித்திரம்’ என்ற நிகழ்ச்சிக்காகச் சமையலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் அனேகம். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா ‘திரைவிருந்து’ படைத்த நாட்களில், ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் இருந்த வீடுகள் தங்கள் ஊருக்கு இன்னும் வந்துசேராத படங்களைக் காதாலேயே பார்த்துவிட்டன.

இந்தக் கேள்வி ஞானத்தை அற்பமாக நினைப்பதற்கில்லை. முகத்தைக் காணாமல் குரலை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்டவர்களுக்கு, எந்த நடிகர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் அழுகை பொய்யாகிறது, எங்கே வசனகர்த்தாவின் கெட்டிக்காரத்தனம் பாத்திரத்தை மீறிப் பேசுகிறது என்பனவெல்லாம் நன்றாகப் புலப்பட்டன. தமிழ் வீடுகளில் ஒரு படத்தைப் பற்றிய பேச்சு இன்றளவும் வசனத்தில் தொடங்கி வசனத்திலேயே முடிவதற்குக் காரணம் நம் நாடக மரபு மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வானொலிப் பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் வீச்சுக்கு உட்பட்ட ஊர்களில் பெட்டி வாங்கும் வசதி படைத்த வீடுகள் சொற்பமே. சாலிடேர், டயனோரா என்ற நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கி, முன்பக்கம் மரத்தாலான இழுப்புக் கதவும் பூட்டும் வைத்து, வரவேற்பறையில் பூஜை அலமாரிக்குச் சமமான மரியாதையோடு வைக்கப்பட்டிருந்த அந்தக் கறுப்பு-வெள்ளைப் பெட்டியின் கதவு வெள்ளிக்கிழமை இரவு ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ்ப் படத்துக்கும் திறக்கப்படும்போது, தெருவே அந்த வீட்டில் கூடியது. தென்கோடியிலோ நிலைமை வேறு. சென்னையின் அலைகள் எட்டாத கரையோர ஊர்களில் ஜனங்கள் நெடிய குழாய்களை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தார்கள். சிங்கள நிகழ்ச்சிகளின் நடுவே எப்போதாவது வரும் தமிழ்ப் படத்துக்காக மொட்டைமாடியில் ஒருவர் குழாயைத் திருப்பிக்கொண்டும், கீழே ஒருவர் “இப்பத் தெரியுது, அப்படியே விடுங்க மாமா” என்று கத்திக்கொண்டும் இருந்தார்கள்.

கொட்டகையின் இருட்டு வீட்டில் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் பால் பொங்கியது, குழந்தை அழுதது, கரண்டு போனது, நிலையத்தில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை திரையில் வந்து நின்றது, கதை உச்சத்தை எட்டும் சமயத்தில் செய்தி குறுக்கிட்டது. இவற்றையெல்லாம் அசௌகரியங்கள் என்றே அன்று எல்லாரும் கருதினார்கள். ஆனால் விமரிசனம் முளைத்தது இந்த இடைவெளிகளில்தான். கொட்டகையின் இடைவேளையில் ஆண்கள் முறுக்கும் சோடாவும் வாங்க வெளியே போவார்கள். வீட்டில் செய்தி வாசிக்கப்பட்ட அந்தக் கால்மணி நேரத்திலோ, கூடத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இதுவரை நடந்தது நியாயமா, இனி என்ன நடக்கவேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். மாமியாருக்கு முன்னால் குரல் எடுத்துப் பேசாத மருமகள் திரையிலுள்ள மாமியாரைப் பற்றிச் சொல்லலாம். அதை யாரும் ஆட்சேபிக்க முடியாது. மாமியாரும் திரையிலுள்ள மருமகளைப் பற்றியே பதில் சொல்வார். கதாபாத்திரங்களின் பெயரால் நடந்த அந்தச் சம்பாஷணைகளில் படத்தைப் பற்றிய தீர்ப்பு எவ்வளவு, வாழ்க்கையைப் பற்றிய முறையீடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நிலையமும் இந்த மாறுதலை உணர்ந்திருந்தது போலும்; நேயர் கடிதங்களை வாசித்துப் பதில் சொல்வதற்கென்றே ‘எதிரொலி’ என்ற நிகழ்ச்சியை நடத்திற்று. தபால் அட்டையில் எழுதி அனுப்பிய தம் அபிப்பிராயத்தைத் தொலைக்காட்சியில் படிக்கக் கேட்ட வீட்டில் அன்று உண்டான சந்தோஷம் சாமானியமன்று.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தில்லியிலிருந்து மாநில மொழிப் படங்கள் முறை வைத்து ஒளிபரப்பானபோது, தமிழின் முறை வரும் வாரத்துக்காகக் காத்திருந்தவர்கள், கொட்டகைக்காரர்கள் காட்ட முன்வராத படங்களைக் கண்டார்கள். இந்திரா பார்த்தசாரதியின் குறுநாவலை ஆதாரமாகக்கொண்டு சேதுமாதவன் எடுத்த ‘மறுபக்கம்’ தேசிய அளவில் தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். அதைக் கொட்டகையில் பார்த்தவர்களை விடப் பெட்டியில் பார்த்தவர்களே மிகுதி. ஆயினும் இவ்விஷயத்தில் நான் முதன்மையாகக் கருதுவது பாலு மகேந்திராவின் ‘வீடு’ என்ற படத்தைத்தான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட முயல்கிறாள். கடன், மழை, ஒப்பந்தக்காரரின் சிமெண்டுத் திருட்டு, அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சித்தாள், பாதி எழும்பிய சுவரைத் தொட்டுப் பார்க்கும் முதியவர், கடைசியில் அந்த மனையே தங்களுடையது என்று சொல்லும் குடிநீர் வாரியம் – இவ்வளவுதான் கதை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைத் தேடித்தந்த இந்தப் படத்தை, விருது பெற்ற படம் என்பதால் பொறுமையைச் சோதிக்கும் என்று அஞ்சியபடியே பார்க்க உட்கார்ந்த வீடுகளில் என்ன நடந்தது தெரியுமா? மனை வாங்கி அலைந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். “அக்கா, மூட்டையைப் பத்தி அந்தச் சித்தாள் சொல்றா பாருங்க, நம்ம மேஸ்திரி பண்ணினதும் இதேதான்” என்று ஒரு குரல். “அஸ்திவாரத்துக்கு அவ்வளவு கம்பி போதாது” என்று கொத்தனார் வேலை தெரிந்த ஒருவரின் முணுமுணுப்பு. சொக்கலிங்க பாகவதர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வரும்போது, நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “எங்க அப்பா இருந்தா இப்படித்தான் வந்து பாத்திருப்பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு பாட்டி.

இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் அச்சில் அதிகம் வாசித்ததில்லை. தொழில்முறை விமரிசகர் ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிடுகிறார். வீட்டில் இருப்பவரோ படத்தைத் தாம் அறிந்த வேலையோடும் பட்ட கஷ்டத்தோடும் ஒப்பிடுகிறார். ஆஸ்பத்திரிக் காட்சியில் ஊசி போடும் விதம் தவறு என்று நர்ஸாக இருக்கும் சித்தி சொல்லுவாள். ஏர் பிடிக்கும் கதாநாயகனுக்கு மாட்டோடு பழக்கமில்லை என்பதைக் கிராமத்திலிருந்து வந்த பெரியப்பா முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். எத்தனையோ இயக்குநர்கள் அலட்சியமாகக் கடந்துபோன உண்மைகளுக்கு அந்தக் கூடங்களில் காவலர்கள் இருந்தார்கள்.

1980-களில் டெக் என்று அழைக்கப்பட்ட வீடியோ கருவி வந்தது. ஜப்பானில் சோனி கம்பெனியார் 1975-லும் ஜேவிசி கம்பெனியார் 1976-லும் வெளியிட்ட இரண்டு வகை வீடியோ முறைகளில், முன்னது தொடக்கத்தில் ஒரு மணி நேரமே ஓடும் நாடாவைக் கொண்டிருந்தது. பின்னதன் ஈ-180 என்ற கேசட் மூன்று மணி நேரம் ஓடியது. பதினாறு ரீல் கொண்ட ஒரு முழுத் தமிழ்ப் படம், பாட்டு ஒன்றைக்கூட வெட்டாமல், அந்த ஒரே கேசட்டில் அடங்கிற்று. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்ததும், சென்னை பர்மா பஜாரில் விலைபேசி வாங்கியதுமான இந்தக் கருவியைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள், டெக், கலர் டிவி, கேசட்டுகள் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று விருந்தாளிகள் சேரும் இரவுகளில், சாப்பாடு முடிந்து இலை எடுத்தவுடன், வாசலிலோ மொட்டைமாடியிலோ பெட்டியை வைத்து, முதலில் ஒரு பக்திப் படம், அடுத்து எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, நள்ளிரவுக்குமேல் இளைஞர்களுக்காகப் புதுப்படம் என்ற கிரமத்தில் விடியும்வரை ஓடும். திரையில் கோடு விழுந்தால், டெக் கொண்டுவந்த பையன் மூடியைக் கழற்றி ‘ஹெட்’டைத் துடைப்பான், அதற்குள் கூட்டத்தில் பாதிப்பேர் படத்தின் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

டெக்கினால் ஏற்பட்ட பெரிய மாறுதல் நிறுத்துவதற்கும் பின்னோக்கிச் சுற்றுவதற்கும் கிடைத்த சுதந்திரம். “அந்த இடத்தை இன்னொரு தரம் போடு” என்று சொல்லும் அதிகாரம் கைக்கு வந்தபின், அடி விழாமலே வில்லன் விழுவதும், ஒரே பாட்டில் கதாநாயகியின் வளையல் மாறுவதும், இரட்டை வேடக் காட்சியில் நடுவே ஓடும் கோடும் வெளிச்சத்துக்கு வந்தன. பிரமிப்பு குறைந்தது என்று இதற்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. நல்ல இடத்தையும் இரண்டாந்தரம் பார்த்தார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யுத்தகாலத்தில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்து வீடுகளில் ஜெனரேட்டர் பிடித்து, எண்ணெய்க்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இரவோடிரவாகப் படம் பார்த்தவர்கள், ஒரு காட்சியைத் திரும்பப் போடச் சொல்வதற்கு எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, இந்தச் சுதந்திரத்தின் விலை புரிகிறது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஒரு வீட்டு அறையில் டெக்கை வைத்து, கூரைக்குக் கூரை கம்பி இழுத்து, தெரு முழுவதற்கும் படம் காட்டிய கேபிள்காரர்களின் வலையின்மேல் 1993-ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு தினத்தன்று சன் தொலைக்காட்சி வந்து அமர்ந்தது. திரைக்கு வந்து சில மாதங்களே ஆன படம் என்ற அறிவிப்பு பண்டிகை நாட்களின் அங்கமாயிற்று. ஞாயிறு காலையில் பத்துப் படங்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியைப் பார்த்து அந்த வரிசையை மறுப்பது வீட்டாருக்கு வாராந்தரக் கடமையாகவே ஆகிவிட்டது. இரண்டு மூன்று வட்டுகளில் அடங்கிய வி.சி.டி. வந்தது, திருட்டு வட்டு பெருகவே, 2004-இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2006-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதியின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபின், அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவேண்டிய அவசியம் ஏழைக் குடிசைக்கும் இல்லாமற் போயிற்று. யார் தரையில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்கவேண்டும் என்ற பழைய தெருவின் பேதங்களை நேரில் கண்டவர்களுக்கு அந்தப் பெட்டியின் அருமை தெரியும்.

வீட்டுத் தீர்ப்பு கொட்டகைத் தீர்ப்பைத் திருத்தி எழுதியதற்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டுமானால் ‘அன்பே சிவம்’ போதும். 2003-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியான அப்படம் வசூலில் தோற்றது. தொலைக்காட்சியில் அது திரும்பத் திரும்ப வந்தபோது, முதல் வாரக் கூட்டத்தின் அவசரமும் பண்டிகையின் எதிர்பார்ப்பும் இல்லாத கூடங்களில், வெள்ளத்தில் சிக்கி வண்டி தவறிய இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டே ஊர் திரும்பும் அந்தக் கதை வேறு விதமாகக் கேட்டது. அதை வெற்றிபெறச் செய்தது விளம்பரமன்று, விருதுமன்று. துணி மடித்துக்கொண்டே பார்த்தவர்களும், பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களும் வாய்வழியாகக் கொடுத்த மறுவாழ்வு அது.

வீட்டின் பலத்தைச் சினிமா வியாபாரம் உணர்ந்துகொண்டதற்கு அத்தாட்சியாக இரண்டு தகராறுகள் நடந்தன. 2013-இல் வெளிவந்த ‘விஸ்வரூப’த்தைக் கமல்ஹாசன் டி.டி.எச். வழியாக முதலில் வீடுகளுக்கு அளிக்கப்போவதாக அறிவித்தபோது கொட்டகை உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த ஏற்பாடு நடக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதம், கொள்ளைநோயினால் கொட்டகைகள் பூட்டிக்கிடந்த வேளையில், ‘பொன்மகள் வந்தாள்’ அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக்கு வந்தது. இம்முறையும் எதிர்ப்பு எழுந்தது, ஆனால் தடுக்க முடியவில்லை. முதல் நாள், முதல் காட்சி என்ற பெருமை பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது அப்போதுதான்.

இன்று அதே வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. காதில் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்தைப் பார்க்கிறார்கள். படங்கள் முன்னைக்காட்டிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. உடனிருந்து மறுத்துப் பேசத்தான் ஆளில்லை. இது எனக்கு மெய்யாகவே கவலை தருகிறது. பாட்டுப் புத்தகங்களையும் பழைய சினிமாப் பத்திரிகைகளையும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஸ்தாபனங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. கூடத்தில் பேசப்பட்டவையோ காற்றோடு போனவை. ஆனால் பேசியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மரக்கதவு வைத்த பெட்டிக்கு முன்னால் இளம் மருமகள்களாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேலாகிறது. எந்தப் படத்தின் முடிவை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, எந்தக் கதாநாயகி செய்தது சரி என்று மாமியாருக்கு எதிராக வாதாடினார்கள், எந்தக் காட்சி வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்கள் என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே பதிவு செய்துகொள்ளும் வேலையைச் சினிமா ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் நம் இளைஞர்கள் இந்த வருஷமே தொடங்கவேண்டும். அதற்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. ஒலிப்பதிவு செய்யும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.